இந்த வருட மான் சீசனுக்கு என் இலக்குகள்

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறேன். தலைப்பு "நவம்பர்". கீழே நாலைந்து வரி. போன வருடமும் இதே இடத்தில் ஒரு சீட்டு இருந்தது. அதில் ஒரே ஒரு வரிதான்: "எட்டுக் கிளைக் கொம்பு, குறைந்தது." அதைக் கிழித்துப் போட்டதற்கும் இந்த வருடம் வேறு மாதிரி எழுதியதற்கும் காரணம் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில், ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு முன்குறிப்பு. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், சிறைத் தண்டனை உண்டு. நான் இருப்பது அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில். இங்கே வெள்ளைவால் மானை லைசென்ஸ் எடுத்து, சீசனில், விதிப்படி சுடலாம். 1973-க்கு முன் பிறந்தவர் அல்ல என்றால் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். துப்பாக்கி சீசன் ஒன்பதே நாள்: தேங்க்ஸ்கிவிங் வியாழனுக்கு முந்தைய சனிக்கிழமை ஆரம்பித்து, அடுத்த வார ஞாயிறோடு முடியும். அந்த ஒன்பது நாளும் ஆரஞ்சு சட்டை போட்ட ஜனங்களால் கிராமத்துப் பெட்ரோல் பங்கெல்லாம் நிறைந்து வழியும். "ஏன்டா, அங்க ஆடு கோழி கிடைக்கலையா?" என்று அம்மா போனில் கேட்டாள். கிடைக்கிறது. ஆனாலும் போகிறேன். அதற்கான நியாயம் இன்னொரு பதிவுக்கு.

சரி, போன வருடக் கதை. இரண்டாவது சனிக்கிழமை மாலை. அதுவரை ஏழு நாள் உட்கார்ந்தும் எட்டுக் கிளைக் கொம்பு வரவில்லை. வெளிச்சம் போக இன்னும் கால் மணி நேரம் இருக்கும்போது, அறுத்து முடித்த சோள வயலின் அந்தக் கோடியில் ஒரு பெண் மான் வந்து நின்றது. நூற்றெண்பது கெஜம் இருக்கும். துப்பாக்கியைச் சாய்த்து வைக்க எதுவும் இல்லை. வெறுங்கையோடு போகக் கூடாது என்ற அவசரத்தில் சுட்டேன். மான் முதுகைக் கூனிக்கொண்டு ஓடி மரங்களுக்குள் மறைந்தது.

போய்ப் பார்த்தால் ரத்தம் கருஞ்சிவப்பு. அதில் பச்சையாக ஏதோ கலந்திருந்தது. வேட்டைக்காரர்களுக்கு இது பாடப்புத்தகம் மாதிரி: இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல், பக்கத்திலேயே விழுந்து கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரலாக இருக்கலாம், சில மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சையும் நாற்றமும் இருந்தால் வயிறு. அப்போது ஆறு, எட்டு மணி நேரம், சில சமயம் இரவு முழுக்க, அந்தப் பக்கமே போகக் கூடாது. வயிற்றில் அடிபட்ட மானைத் துரத்தாவிட்டால் கொஞ்ச தூரத்தில் படுத்துவிடும், அங்கேயே உயிரும் போகும். துரத்தினால் எழுந்து ஓடிக்கொண்டே இருக்கும், ரத்தச் சுவடும் நின்றுவிடும். இதெல்லாம் பயிற்சி வகுப்பில் படித்ததுதான். ஆனால் இருட்டிக்கொண்டு வந்தது, பனி வேறு தூற ஆரம்பித்தது. நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு உடனே உள்ளே போனேன். ஒரு புதருக்குப் பின்னால் அது எழுந்து ஓடுகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். மறுநாள் காலையில் எல்லாத் தடத்தையும் பனி மூடியிருந்தது. மதியம் வரை தேடினோம், கிடைக்கவில்லை.

எனக்கு வேட்டை சொல்லிக்கொடுக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவர் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கோடையில மண்டி போட்டு எத்தனை தோட்டா சுட்டுப் பழகினே?" பூஜ்யம். நான் பழகியதெல்லாம் மேஜையில் மணல் மூட்டை வைத்து, அதன் மேல் ரைஃபிளைச் சாய்த்து. காட்டில் மேஜை ஏது?

தமிழில் இலக்கு என்ற சொல் குறிபார்க்கும் பொருளுக்கும் பொருந்தும், வருடக் கடைசியில் எட்ட நினைப்பதற்கும் பொருந்தும். என் தப்பு அந்த இரண்டும் ஒன்று என்று நினைத்ததுதான். கொம்பு என் கையில் இல்லை. எந்த மான் எந்தப் பக்கம் வரும் என்பது பருவம், காற்று, பக்கத்து நிலத்துக்காரர், அந்த வருடக் கருவாலிக் கொட்டை விளைச்சல் எல்லாம் சேர்ந்து முடிவு செய்வது. கையில் இல்லாததை இலக்காக எழுதிவைத்தால் கடைசி நாள் நெருங்க நெருங்க அவசரம் கூடும். அந்த அவசரத்தில் சுட்டதுதான் அந்த நூற்றெண்பது கெஜக் குண்டு.

இதில் ஒரு பழைய ஆய்வு எனக்கு உதவியது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லா கிராஸ் வளாகத்தில் ராபர்ட் ஜாக்சன், ராபர்ட் நார்ட்டன் என்று இரண்டு பேர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேட்டைக்காரர்களிடம் பேசி, ஒரு வேட்டைக்காரர் பொதுவாக ஐந்து கட்டங்களைக் கடக்கிறார் என்று எழுதினார்கள். முதல் கட்டத்தில் சுட்டாலே போதும். அடுத்து, அனுமதித்த எண்ணிக்கை முழுவதையும் எடுத்துவிட வேண்டும். மூன்றாவதில் பெரிய கொம்பு. நான்காவதில் எதை எடுத்தோம் என்பதைவிட எப்படி எடுத்தோம் என்பது, வில்லா, பழைய பாணி ரைஃபிளா, தனியாகத் தடம் பார்த்தா என்பது, பெரிதாகிவிடுகிறது. ஐந்தாவதில் காட்டில் இருப்பதே போதும் என்ற நிலை. எல்லோரும் வரிசையாக இதைக் கடப்பதில்லை. என்னைப் பாருங்கள், மூன்றாவது வருடத்திலேயே முதல் கட்டத்தின் கையையும் மூன்றாம் கட்டத்தின் ஆசையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கலவைதான் ஆபத்து.

ஆக, இந்த வருடச் சீட்டின் முதல் வரி: "75 கெஜத்துக்கு மேல் சுடுவதில்லை." இந்த எண் எங்கிருந்து வந்தது? மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறக்குறைய எட்டு அங்குல வட்டம், ஒரு சின்னக் காகிதத் தட்டு அளவு. அந்தத் தட்டை நட்டுவைத்து, மண்டியிட்டு, மூச்சு வாங்குகிற மாதிரி கொஞ்சம் ஓடிவிட்டு வந்து, ஐந்து தோட்டா சுட வேண்டும். ஐந்தும் தட்டுக்குள் விழும் அதிகபட்ச தூரம்தான் என் எல்லை. இதில் ஒரு எளிய கணக்கு உண்டு: சிதறல் தூரத்தோடு சேர்ந்து வளரும். 100 கெஜத்தில் ஆறு அங்குலம் சிதறும் கை 200 கெஜத்தில் பன்னிரண்டு அங்குலம் சிதறும். பன்னிரண்டு அங்குலச் சிதறலை எட்டு அங்குல வட்டத்துக்குள் அடைக்க எந்தத் துப்பாக்கியாலும் முடியாது. பெரியவரின் முப்பது-ஓட்-சிக்ஸ் ரைஃபிள் 300 கெஜத்திலும் மானைச் சாய்க்கும் வலு உள்ளது. அது துப்பாக்கியின் எல்லை, என்னுடையது அல்ல.

இரண்டாவது வரி: "முதலில் பெண் மான்." இதைச் சொன்னால் இங்கேயே சில பேர் முகம் சுளிப்பார்கள். கொஞ்சம் வரலாறு சொன்னால்தான் புரியும்.

1900 வாக்கில், சந்தைக்காகக் கணக்கில்லாமல் சுட்டுத் தள்ளியதில், அமெரிக்கா முழுவதும் வெள்ளைவால் மான் சில லட்சமாகக் குறைந்திருந்தது. பிறகு சட்டங்கள் வந்தன, சீசன் வந்தது. விஸ்கான்சினில் 1915-லிருந்து ஆண் மானை மட்டும் சுடலாம் என்ற விதி வந்தது. பெண் மானைச் சுடுவது கோழைத்தனம், பாவம் என்ற எண்ணம் இரண்டு தலைமுறைக்கு ஊறிப்போனது. மான் பெருகியது. பெருகிய மான் குளிர்காலத்தில் தின்ன எதுவும் இல்லாமல் பட்டினியில் செத்தது. 1943-இல் மாநில அரசு பெண் மானையும் சுட அனுமதித்தது. ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல் மான்கள் விழுந்தன. ஜனங்கள் கொதித்துப் போனார்கள், "நாற்பத்து மூன்றின் குற்றம்" என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்த முடிவை ஆதரித்து ஏச்சு வாங்கியவர்களில் ஒருவர் ஆல்டோ லியோபோல்ட். சூழலியல் படித்தவர்கள் இன்று கும்பிடுகிற அதே லியோபோல்ட்தான்.

அவர் பக்கம் இருந்தது எளிய கணக்கு. ஒரு ஆண் மான் பல பெண் மான்களோடு சேரும். பத்து ஆணில் ஆறைச் சுட்டாலும் அடுத்த ஜூனில் பிறக்கும் குட்டி எண்ணிக்கை அனேகமாகக் குறையாது. வளர்ந்த பெண் மான் வழக்கமாக இரண்டு குட்டி போடும். எண்ணிக்கையைத் தீர்மானிப்பது பெண் மான்தான். மான் அளவு மீறினால் காட்டின் தரைத்தளம் மொட்டையாகிறது: ஹெம்லாக், வெள்ளை சீடர், கருவாலிக் கன்றுகள், ட்ரில்லியம் பூ எல்லாம் முளைத்த வேகத்தில் தின்னப்பட்டுவிடும். பழைய மரம் நிற்கும், அடியில் அடுத்த தலைமுறை இருக்காது. தூரத்திலிருந்து பார்த்தால் காடு பச்சையாகத்தான் தெரியும், அதுதான் ஏமாற்று. இன்று நாடு முழுவதும் வெள்ளைவால் மான் மூன்று கோடி இருக்கலாம் என்பது மதிப்பீடு.

1990-களில் இந்த மாநிலம் வேறு ஒரு வழியைப் பிடித்தது: முதலில் ஒரு பெண் மானை எடுத்துப் பதிவு செய், பிறகுதான் கொம்புள்ளதைச் சுடலாம். எண்ணிக்கையைக் குறைப்பதில் அது வேலை செய்தது. ஆனால் வாழ்நாள் கொம்பு கண்ணெதிரே நடந்து போக, பெண் மான் கணக்கு முடியாததால் கைகட்டி உட்கார்ந்தவனின் வயிற்றெரிச்சலுக்கு ஓட்டு உண்டு அல்லவா? 2011-இல் சட்டமன்றம் அதை ஒழித்துவிட்டது. இப்போது அது தனிமனிதர் விருப்பம். அதனால்தான் என் சீட்டில் இருக்கிறது.

இளம் ஆண் மான்களை விட்டுவிடு, வயதாகட்டும் என்று ஒரு கட்சியும் இங்கே பலமாக இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மான்களின் மூளையைத் தின்னும் ஒரு நோய் 2002-இல் விஸ்கான்சினில் கண்டுபிடிக்கப்பட்டு, பரவிக்கொண்டே இருக்கிறது. கிருமியோ வைரஸோ அல்ல, பிரியான் என்கிற உருக்குலைந்த புரதம். சமைத்தாலும் அழியாது. இந்த நோய் வயதான ஆண் மான்களில்தான் அதிகம் தென்படுகிறது. நோய் உள்ள பகுதியில் ஆண் மானை முதுமை வரை விட்டுவைப்பது என்பது நோயையும் சேர்த்து வளர்ப்பது. தெற்கு விஸ்கான்சினில் வேட்டையாடிக்கொண்டு அந்த இலக்கை வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது வரி இதன் தொடர்ச்சி: "ரிசல்ட் வரும் வரை சமைப்பதில்லை." மனிதருக்கு இந்த நோய் தொற்றியதாக இதுவரை நிரூபணம் இல்லை. என்றாலும் நோயுள்ள மானின் இறைச்சியைத் தின்ன வேண்டாம் என்பதுதான் சுகாதாரத் துறையின் அறிவுரை. மானின் தலையை மாநில அரசு வைத்திருக்கும் பெட்டியில் போட்டுவிட்டால் கழுத்து நிணநீர்க் கணுக்களை எடுத்து இலவசமாகச் சோதிக்கிறார்கள். ரிசல்ட் வரும் வரை இறைச்சி ஃப்ரீசரில் தனிப் பையில் இருக்கட்டும். மிளகு வறுவல் எங்கும் ஓடிப்போகாது. (மான் கறியில் கொழுப்பு ரொம்பக் குறைவு, நல்லெண்ணெய் தாராளமாக விட்டால்தான் ரப்பராகாது.)

மீதி வரிகள் சின்னச் சின்ன விஷயங்கள். பரண் ஏறும்போது கால் தரையை விட்ட நிமிடத்திலிருந்து உடம்புப் பட்டை கட்டியிருக்க வேண்டும். வேட்டையில் குண்டை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், பரணிலிருந்து விழுவதை நினைப்பதில்லை. காற்று சரியில்லாத நாளில் அந்தப் பரணுக்கே போவதில்லை. காலையில் வெயில் ஏற ஏறச் சரிவில் காற்று மேலே எழும், சாயங்காலம் குளிரக் குளிரக் கீழே இறங்கும். ஆகவே காலையில் மேட்டிலும் மாலையில் தாழ்விலும் உட்கார்ந்தால் நம் வாடை மான் வரும் வழிக்கு அனேகமாகப் போகாது. மானின் மூக்கை ஏமாற்றும் என்று கடையில் விற்கும் ஸ்பிரேக்களுக்கு இந்த வருடம் பத்து பைசா கிடையாது.

கடைசி வரியைப் பெரியவர் சொல்லிச் சேர்த்தேன்: "சுட்டால், கடிகாரத்தைப் பார்." சுட்ட உடனே மணியைக் குறித்துக்கொண்டு, மான் நின்ற இடத்தையும் கடைசியாகக் கண்ணில் பட்ட மரத்தையும் மனதில் பதித்துக்கொண்டு, அரை மணி நேரம் பரணைவிட்டு அசையக் கூடாது. ரத்தம் சரியில்லை என்று தோன்றினால் திரும்பி வந்து அவருக்குப் போன் போட வேண்டும். கயிற்றில் கட்டிய மோப்ப நாயோடு வந்து தேடித்தருகிற ஒருவரின் நம்பரும் வாங்கி வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு காகிதத் தட்டுகளோடு சுட்டுப் பழகப் போயிருந்தேன். மண்டியிட்டு, 75 கெஜம்: ஐந்துக்கு ஐந்து. 100 கெஜம்: ஐந்துக்கு மூன்று.