கோம்பைக் குட்டிக்கு 8 வாரம் பொறுங்கள்!

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கோம்பை. செந்நிற உடலும் கறுத்த முகமுமாகக் காவலுக்குப் பேர்போன நாயினத்துக்கு அவ்வூர்ப் பெயரே நிலைத்துவிட்டது. மலைக்கு மேலே இடுக்கி ஏலத்தோட்டங்களில் வேலை பார்க்கும் நம்மவர்கள், ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஒரு குட்டியைக் கூடையில் வைத்துக் கொண்டுவர ஆசைப்படுவது இயல்பே.

ஆனால் அவசரம் கூடாது. குட்டி கண் திறக்கவே ஏறக்குறைய 2 வாரமாகும். மனிதரோடு பழகும் குணம் 3 முதல் 12 வாரத்துக்குள் அமைகிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்காட், புல்லர் இருவரும் 1965-ல் வெளியிட்ட நூல் இதை விளக்குகிறது. கடியை அடக்கவும் குட்டி தன் உடன்பிறப்புகளிடமே பயில்கிறது. அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதியும் சொல்கிறது.

அந்த 8 வாரமும் வளர்ப்பவர் குட்டியைத் தினமும் கையிலெடுத்துப் பழக்க வேண்டும். குழந்தைகள், குடை பிடித்தவர், பாத்திரச் சத்தம், ஜீப் இரைச்சல் எல்லாம் அதற்குப் பழக வேண்டும். வாங்கியவரும் அடுத்த 4 வாரம் இதையே தொடர வேண்டும். சங்கிலியிலேயே கிடந்த குட்டி பயந்து வளரும். பயந்த நாய்க்குத் திருடனும் ஒன்றுதான், பக்கத்து லயத்துக் குழந்தையும் ஒன்றுதான். 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் அவசியம்.

காவல் அதன் ரத்தத்திலேயே இருக்கிறது. ஆளறியும் குணத்தை நாம்தான் பழக்க வேண்டும்.