மூணு கட்டை டார்ச்சும் விண்வெளி வாளும்

முறுக்கு அச்சைப் பார்த்தே இராத ஒருவர் கையில் அதைக் கொடுத்துப் பாருங்கள். முறுக்கு என்று சொல்லத் தெரியாது. ஆனால் மேலே எதையோ போட்டு, அமுக்கி, கீழே ஓட்டை வழியாகப் பிழியும் கருவி என்று அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். குழல், அமுக்கும் கட்டை, ஓட்டைத் தட்டு, பிடி என ஒவ்வொன்றும் தன் வேலையைத் தானே சொல்லிவிடுகிறது. அறிவியல் புனைகதைப் படங்களின் கருவிகள் நம்மை நம்பவைப்பதும் இப்படித்தான்: என்ன செய்யும் என்று தெரியாது, ஏதோ செய்யும் என்று தெரியும்.

‘ஸ்டார் வார்ஸ்’ (1977) படத்தில் நாயகன் லூக்கின் ஒளிவாளைச் செய்த ரோஜர் கிறிஸ்டியன், லண்டன் கேமரா கடை ஒன்றில் கிடைத்த கிராஃப்ளெக்ஸ் ஃப்ளாஷ் விளக்கின் பிடியை எடுத்துக்கொண்டார். மூன்று பெரிய பேட்டரிகள் போடும் குரோம் குழல் அது. உள்ளே மின்சாரம், கைக்கு வாகான பருமன், அழுத்தினால் வெளிச்சம் தரும் சிவப்புப் பொத்தான் எல்லாம் பிறவியிலேயே இருந்தன. பிடிமானத்துக்குச் சில பட்டைகள் ஒட்டினார். கால்குலேட்டரில் எண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் குமிழ்ப் பட்டை ஒன்றைச் செருகினார். வாள் தயார். லூக்கின் குரு ஓபி-வானின் வாள் இன்னும் வேடிக்கை: ஜெட் எஞ்சின் குழாய், முதல் உலகப்போர்க் காலத்து எறிகுண்டின் பாகம், அடிநுனியில் தண்ணீர்க் குழாயின் திருகு! இந்தக் காயலாங்கடைக் கலைக்கு ஆஸ்கரும் வந்தது. அதற்கும் முன்னால், 1963 டிசம்பரில் பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் வந்த டாலெக் இயந்திரம் நீட்டிய கை, சிங்க் அடைப்பு எடுக்கும் ரப்பர் பிளஞ்சர்.

இப்படி ஒரு வாளை நாமும் செய்துபார்க்கலாம். திருமானூரில் உட்கார்ந்துகொண்டு கிராஃப்ளெக்ஸுக்கு எங்கே போவது? போகவே வேண்டாம். படத்தின் புகழால் அதன் விலை எங்கோ ஏறிவிட்டது. கொள்ளிடக் கரை வயல்களுக்கு ராத்திரி தண்ணீர் கட்டப் போகிறவர்கள் தூக்கித் திரிந்த மூணு கட்டை டார்ச்சும் அதே சாதிதான். மூன்று பேட்டரியை வரிசையாக வைத்தால் ஏறக்குறைய 18 செ.மீ.; ஒரு கை பிடித்து, இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும் நீளம். பரணில் டார்ச் இல்லையென்றால் ஹார்டுவேர் கடையில் 32 மி.மீ. குரோம் வேஸ்ட் பைப் கேளுங்கள். சிங்க்குக்கு அடியில் இருப்பதுதான்.

இனி முறுக்கு அச்சின் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். எங்கே வெளியே வரும்? குழலின் மேல்வாயில் ஒரு வேஸ்ட் கப்ளிங். அதன் சல்லடை வாய் அச்சின் ஓட்டைத் தட்டேதான். எங்கே பிடிப்பது? கீழ்ப்பாதியில் ரப்பர் வாஷர்களை இடைவெளி விட்டு அடுக்குங்கள். எது அமுக்குகிறது? நடுவில் ஹோஸ் கிளிப். அதன் திருகாணித் தலை பொத்தானாகிவிடும். இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாத பாகத்தை ஒட்டாதீர்கள். செய்பவர்கள் பெரும்பாலும் கெடுப்பது இங்கேதான். அழகாக இருக்கிறதே என்று நாலு நட்டு, ரெண்டு சங்கிலி சேர்த்தால் அது ஆயுதமாக இருக்காது, சாவிக்கொத்தாகிவிடும்.

குரோம் வழவழப்பில் பசை நிற்காது. ஒட்டும் இடத்தை மட்டும் உப்புத்தாளில், தண்ணீர் தொட்டுத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, பிறகு அரால்டைட். ஈரத்தில் தேய்த்தால் தூள் பறந்து மூக்கில் ஏறாது. குரோம் பைப்புக்குப் பதிலாக ஜி.ஐ. பைப் கிடைத்தால் அதை நெருப்பில் காட்ட வேண்டாம். துத்தநாகப் பூச்சு புகையாகி, நெஞ்சுக்குள் போனால் காய்ச்சல் வரும்.

புதுப் பளபளப்பு ஒரு குறை. கறுப்பு எனாமலை மேலே பூசி, காய்வதற்குள் துணியால் துடைத்துவிட்டால் இடுக்குகளில் மட்டும் தங்கும், வருஷக்கணக்கில் சேர்ந்த எண்ணெய் அழுக்கைப்போல. குழல் பித்தளையில் செய்ததென்றால், விளிம்புகளில் அரத்தால் லேசாக உரசினால் குரோமுக்கு அடியிலிருந்து பித்தளை எட்டிப்பார்க்கும். அடிநுனிக்குப் பழைய குழாயின் திருகு ஒன்றை மாட்டுங்கள். அதை மட்டும் ஒட்டிவிடாதீர்கள், சுழலட்டும். கையில் வாங்குகிற எவரும் முதலில் அதைத்தான் திருகிப் பார்ப்பார்.