ரூபி சாக்லேட்டுக்குப் புளிப்பே உயிர்

ரூபி சாக்லேட்டை முதல் தடவை கேக் மாவில் கலந்து பார்த்தவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். ஓவனுக்குள் போகும்போது ரோஜா நிறத்தில் இருந்த மாவு, வெளியே வரும்போது ஏன் சாம்பல் பூத்தாற்போல் கிடக்கிறது? சாதாரணக் காம்பவுண்ட் சாக்லேட்டைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய பொருள் இப்படிச் செய்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் உங்கள் ஓவனில் கோளாறுமில்லை, கைப்பக்குவத்தில் குற்றமுமில்லை. அந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், எந்த இனிப்போடு இதைச் சேர்க்கலாம், எதோடு கூடவே கூடாது என்பது தானாகவே விளங்கிவிடும்.

2017 செப்டம்பரில் ஷாங்காய் நகரில் பேரி காலபோ நிறுவனம் இதை அறிமுகம் செய்தது. டார்க், மில்க், ஒயிட் ஆகிய மூன்றுக்கும் அடுத்த நான்காவது வகை என்பது அவர்கள் விளம்பரம். ஒயிட் சாக்லேட் கடைக்கு வந்தது 1930களில். அதற்குப் பின் எண்பது ஆண்டு கழித்து ஒரு புது வகை என்றதும் உலகமே திரும்பிப் பார்த்தது. 2018 ஜனவரியில் நெஸ்லே ஜப்பானில் ரூபி கிட்கேட்டை இறக்கியது. யாசுமாசா தகாகி என்ற பேஸ்ட்ரி செஃப் அதற்குப் பின்னால் இருந்தார். அமெரிக்காவில் மட்டும் கொஞ்சம் இழுபறி. அங்கே எதையெல்லாம் சாக்லேட் என்று அழைக்கலாம் என்பதற்குச் சட்ட வரையறை உண்டு. ரூபி அதில் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. 2019இல் தற்காலிக அனுமதி வாங்கித்தான் ‘ரூபி சாக்லேட்’ என்ற பெயரிலேயே அங்கு விற்க முடிந்தது.

நிறமும் சேர்க்கவில்லை, பெர்ரிப் பழச் சுவையும் சேர்க்கவில்லை என்கிறது நிறுவனம். ஐவரி கோஸ்ட், ஈக்வடார், பிரேசில் நாடுகளில் தேர்ந்தெடுத்த கொக்கோ விதைகள், தனிப்பட்ட பதப்படுத்தல் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. முழு ரகசியத்தையும் சொல்ல அவர்களுக்கு என்ன தலையெழுத்தா? ஆனால் 2009ஆம் ஆண்டுக் காப்புரிமை ஆவணம் கொஞ்சம் கதவைத் திறந்து காட்டுகிறது. விதையைப் புளிக்கவிடாமல், அல்லது மிகக் குறைவாகவே புளிக்கவிட்டு, அமிலத்தால் பதப்படுத்துவது பற்றி அது பேசுகிறது. கேக் கடைகளுக்கு வரும் ரூபி பாக்கெட்டின் பின்புறப் பட்டியலிலும் சிட்ரிக் அமிலம் இருக்கிறது.

கொக்கோ வளர்க்கும் இடங்களில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராகக் கொக்கோ வைத்திருக்கும் விவசாயிகள் கண்ட வழக்கம் வேறு. காயை உடைத்து, வெள்ளைச் சதையோடு விதையைப் பெட்டியில் குவித்து, ஐந்தாறு நாள் கிளறிக் கிளறிப் புளிக்கவிட வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் ஊதா போய்ப் பழுப்பு ஏறும். நாம் சாக்லேட் வாசனை என்று சொல்லும் வாசனைக்கு அடித்தளம் விழும். காய்ந்த விதையைக் கத்தியால் நீளவாக்கில் வெட்டிப் பார்ப்பது வியாபாரத்தில் ஒரு தரச் சோதனை. உள்ளே ஊதாவாக இருந்தால் சரியாகப் புளிக்கவில்லை என்று அர்த்தம், மதிப்பு இறங்கிவிடும். வழக்கமான சந்தையில் குறையாக எண்ணப்படும் அந்த ஊதாவைக் காப்பாற்றி வைத்ததில்தான் ரூபியின் முழு வியாபாரமும் நிற்கிறது.

அந்த ஊதாவுக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. நம் வீட்டுச் சங்குப்பூவிலும் நாவல்பழத்திலும் இருப்பது இதே குடும்பம்தான். சங்குப்பூ டீயில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் இளஞ்சிவப்பாகிறது அல்லவா? புளிப்பு இருக்கும்வரை சிவப்பு. புளிப்புக் குறைந்தால் நீலம், சாம்பல். கேக் மாவில் போடும் சமையல் சோடா காரம். அது ரூபியிலுள்ள அமிலத்தைத் தின்றுவிடுகிறது. மிச்சமிருப்பதை ஓவன் சூடு பார்த்துக்கொள்கிறது. சோடாவுக்குப் பதில் மோர் ஊற்றி, பேக்கிங் பவுடரை மட்டும் போட்டால் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆனாலும் 170 டிகிரியில் அரை மணி நேரம் இருந்தபின் அந்த ரோஜா நிறத்தை எதிர்பார்ப்பது பேராசை.

ஆகவே ரூபியைச் சுடாதீர்கள். கேக் வெந்து, ஆறிய பிறகு இதற்கு வேலை கொடுங்கள்: நடுவில் தடவும் கனாஷ், மேலே வழியவிடும் ட்ரிப், சுடாத சீஸ் கேக், மூஸ். இவற்றில் சீஸ் கேக்குக்குத்தான் என் ஓட்டு, க்ரீம் சீஸிலேயே புளிப்பு இருப்பதால். கனாஷில் சிக்கல் உண்டு. பாலும் க்ரீமும் கிட்டத்தட்ட நடுநிலை. அதோடு அவற்றில் தண்ணீரும் அதிகம். கடையில் டெட்ரா பாக்கெட்டில் கிடைக்கும் 25% கொழுப்புள்ள க்ரீமைச் சூடாக்கி ஊற்றினால் மங்கிய ஊதாதான் வரும். கொழுப்புக் கூடிய விப்பிங் க்ரீமைக் குறைவாக எடுத்து, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு ரூபி என்று வைத்து, நாவல்பழக் கூழோ ராஸ்பெர்ரிக் கூழோ சேர்த்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் நிற்கும். சென்னை வெயிலில் ட்ரிப் உருகி ஓடாமலிருக்க மூன்று பங்குகூடப் போடலாம்.

இந்திய இனிப்புகளில் இதைப் புகுத்துகிறவர்கள் பெரும்பாலும் ரசமலாய் கேக்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நான் அதை ஒப்பமாட்டேன். ஏலக்காய், குங்குமப்பூ, சுண்டிய பால் என மூன்றும் சேர்ந்த இடத்தில் ரூபியின் மென்மையான புளிப்பு காணாமல் போய்விடும். டார்க் சாக்லேட்போல் எதிர்த்து நிற்கும் கசப்பு இதற்குக் கிடையாது. நிறமோ பாலில் ஏற்கெனவே போயிருக்கும். பிறகு ரோஸ் கலரைச் சொட்டி ஒப்பேற்ற வேண்டியதுதான். அதற்கு ஒயிட் சாக்லேட்டும் பீட்ரூட் சாறும் போதுமே! பால்கோவா, பாயசம் எல்லாவற்றுக்கும் இதே கதி.

ரூபிக்குப் பொருத்தமான வீடு மேற்கு இந்தியாவின் ஸ்ரீகண்ட். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு எடுத்த கெட்டித் தயிரில் புளிப்பு ஏற்கெனவே இருக்கிறது. 250 கிராம் தயிருக்கு 100 கிராம் ரூபியை உருக்கிச் சேர்த்தால் சர்க்கரையே தேவைப்படாது. ஒரு எச்சரிக்கை: ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லென்ற தயிரில் ஊற்றினால் கொக்கோ வெண்ணெய் உடனே இறுகி மணல்மணலாகிவிடும். தயிர் அறையின் சூட்டுக்கு வந்த பிறகு, முதலில் இரண்டு கரண்டித் தயிரை ரூபியில் கலந்து, அப்புறம் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். மேலே உடைத்த பிஸ்தாவும் மாதுளை முத்தும் போதும். குல்கந்தும் சேரும், ஆனால் கால் கரண்டிக்கு மேல் போனால் இனிப்புத் திகட்டும்.

அடுத்தது தண்ணீர்ப் பசையில்லாத இனிப்புகள். முந்திரி கத்லியை ரூபியில் பாதி முக்கி எடுத்தால் நிறம் மங்காது, ஏனென்றால் இங்கே நிறத்தைக் கெடுக்க ஈரமும் இல்லை, காரமும் இல்லை. எள்ளுருண்டைக்கும் அப்படியே. இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது கடலை மிட்டாய். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயின் ஒரு பக்கத்தை மட்டும் ரூபியில் தோய்த்துப் பாருங்கள். வெல்லத்தின் கனத்த இனிப்பை அந்தப் புளிப்பு வெட்டிக்கொடுக்கும். மைசூர்பாகு மட்டும் வேண்டாம். அதிலிருந்து கசியும் நெய் கொக்கோ வெண்ணெயோடு கலந்து மேல்பூச்சைக் கொழகொழவென்று ஆக்கிவிடும்.

தோய்ப்பதற்கு டெம்பரிங் அவசியம். இல்லையென்றால் பளபளப்பும் வராது, கடித்தால் ‘டக்’கென்று உடையவும் உடையாது. 45 டிகிரியைத் தாண்டாமல் உருக்கி, உருக்காத துண்டுகளை அதில் போட்டுக் கலக்கி, 29 டிகிரி அளவுக்குக் கொண்டுவந்து தோய்க்க வேண்டும். நம் ஊர்ச் சமையலறை பகலில் அதைவிடச் சூடாக இருப்பதுதான் தொல்லை. ஏசி அறையில் அதிகாலையில் செய்வது உத்தமம். பாத்திரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் சாக்லேட் கட்டிதட்டிவிடும் என்பதை ஏற்கெனவே அனுபவித்திருப்பீர்கள். ரூபி வெளிச்சத்திலும் காற்றிலும் வெளுக்கும் என்பதால், கண்ணாடி அலமாரியில் விளக்குப் போட்டு அழகு பார்க்கும் கடைகளுக்கு இது சரிப்பட்டு வராது.

வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். ‘ரூபி’ என்று எழுதிய இளஞ்சிவப்புக் கட்டிகளில் ஸ்ட்ராபெர்ரிக் காம்பவுண்டும் உண்டு. கொக்கோ வெண்ணெய் முன்வரிசையில் இருக்க வேண்டும். தாவர எண்ணெயும், நிறத்துக்கான எண்ணும் இருந்தால் அது வேறு சரக்கு. பேரி காலபோவின் ஆர்பி1 என்ற ரகத்தில் கொக்கோவின் பங்கு 47.3%, அதில் பெரும்பகுதி கொக்கோ வெண்ணெய். பாலின் பங்கு 26.3%. அதனால்தான் சாக்லேட் வாசனையைத் தேடி இதைக் கடிப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். ஒயிட் சாக்லேட்டில் தயிரும் எலுமிச்சையும் கலந்தாற்போல்தான் நாக்கில் படும். பிறந்தநாள் கேக் ஆர்டர் எடுக்கும் வீட்டு பேக்கர்களுக்கு ஒரு வார்த்தை: வாடிக்கையாளர் கேட்பது வெறும் ரோஜா நிறமென்றால் ரூபிக்குக் காசைக் கொட்டாதீர்கள். புளிப்பு பிடிக்குமா என்று முதலில் கேளுங்கள். பிடிக்கும் என்றால் மட்டும் பாக்கெட்டைப் பிரியுங்கள்.