உங்களுக்குத் தெரியுமா? புற்றுநோயை முன்னுணர்த்தும் கண்கள்

கைக்குழந்தை வீறிட்டு அழுதும் மாதக்கணக்கில் கண்ணீர் சுரக்காதிருப்பது, மிக அபூர்வமாக, ‘எம்.இ.என். 2பி’ என்னும் பரம்பரை நாளமில்லாச் சுரப்பி நோயின் முதல் லட்சணமாக இருக்கக்கூடும்.

சாதாரணமாகக் கருவிழியின் நரம்புகள் எளிதில் புலப்படாத அளவுக்கு மெல்லியவை. இந்நோயுற்றோரிடமோ, கண் வைத்தியர் ‘ஸ்லிட் லாம்ப்’ கருவியின் ஒளிக்கீற்றைச் செலுத்திப் பார்க்கையில், அவை தடித்த வெண்ணிற நூலிழைகளாகக் கண்பாவையின் குறுக்கே ஓடுவது தெளிவாகத் தெரியும். பெரும்பாலும் பார்வை பழுதுபடாமையால் நோயாளி அதனை அறிவதில்லை. இமை விளிம்பிலும் உதட்டிலும் நாவிலும் சிறு முடிச்சுகள் தோன்றுவதும் உண்டு.

‘ரெட்’ என்னும் மரபணுவில் நேரும் மாறுதலே இதற்குக் காரணம். பெற்றோருக்கு நோயில்லாதிருந்தும் குழந்தையிடம் இம்மாறுதல் புதிதாக உண்டாவது சகஜமாதலால், குடும்ப சரித்திரத்தை மட்டும் நம்பியிருத்தல் போதாது. இந்நோயால் தைராய்டுப் புற்றுநோய் சிசுப் பருவத்திலேயே தோன்றக்கூடுமென்பதால், இதன் மிகக் கடுமையான வகையில் முதல் வயதுக்குள்ளேயே அச்சுரப்பியை அகற்றிவிடுமாறு நிபுணர்கள் கூறுகின்றனர்.

விழித்திரையில் ரத்தநாளக் கட்டிகள் தோன்றும் ‘வான் ஹிப்பல்-லிண்டாவ்’ நோயும் இத்தகையதே. ஜெர்மானியக் கண் வைத்தியர் ஹிப்பல் 1904-இல் விவரித்த அக்கட்டிகளை, மூளைக் கட்டிகளோடு 1926-இல் சம்பந்தப்படுத்தியவர் ஸ்வீடன் நாட்டு லிண்டாவ். அட்ரினல், கணையம், சிறுநீரகம் ஆகியவற்றிலும் இந்நோய் கட்டிகளை உண்டாக்கும்.

கண் குறி மட்டுமே தீர்ப்பாகாது. மரபணுப் பரிசோதனையே நிச்சயப்படுத்தும். ஆகவே, கண் வைத்தியர் மேற்பரிசோதனைக்கு அனுப்பினால் ஒருநாளும் தாமதியாதீர்கள்.