இரத்தத்தின் துலாக்கோல்

புளியும் தேசிக்காயும் நாவிற் பட்டதும் புளிக்கின்றன. அவற்றில் உள்ளவை அமிலங்கள். சவர்க்கார நீரும் சாம்பற் கரைசலும் கையில் வழுவழுக்கின்றன. அவற்றில் உள்ளவை காரங்கள். இவ்விரண்டும் ஒன்றுகூடினால் தத்தம் குணத்தை இழக்கும் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆயின், நம் உடலில் ஓடும் இரத்தத்திலும் இவை இரண்டும் இடையறாது நிறுக்கப்படுகின்றன என்பதையும், அத்துலாக்கோல் சிறிது அதிகமாய்ச் சாய்ந்தாலும் உயிருக்கு ஆபத்து என்பதையும் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? அதனைச் சரியாக வாசித்தறிந்த ஒருவரால் பல உயிர்கள் பிழைத்த வரலாறு ஒன்று உண்டு. அது 1952ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைநகராகிய கோப்பன்ஹேகனில் நிகழ்ந்தது.

அதனை விளங்கிக்கொள்ள முதலில் ஒரு சோடாப் போத்தலை நோக்குவோம். அழுத்தத்தினால் தண்ணீரிற் கரைக்கப்பட்ட கரியமில வாயுவில் ஒரு சிறு பகுதி தண்ணீரோடு கூடிக் காபோனிக்கமிலம் ஆகிறது. அவ்வமிலத்தில் ஒரு பகுதி, புளிப்புக்குக் காரணமான ஐதரசன் அயனாகவும், காரத்தன்மையுள்ள இருகாபனேற்றாகவும் பிரிகிறது. இது ஒருவழிப் பாதையன்று. பிரிந்தவை மீண்டும் கூடுகின்றன. கூடியவை மீண்டும் பிரிகின்றன. இரண்டும் ஒரே வேகத்தில் நடைபெறும்போது வெளியே யாதொரு மாற்றமும் தோன்றுவதில்லை. இதனையே இரசாயன நூலார் சமநிலை என்பர். மூடியைத் திறந்தால் வாயு வெளியேறும். அந்த இழப்பை ஈடுசெய்ய, பிரிந்து நின்றவை கூடி அமிலமாகி, அமிலம் வாயுவாகிறது. திறந்துவைத்த சோடாவின் புளிப்புக் குறைவது இதனாலேயே.

நம் உடலும் ஒருவகையில் திறந்த சோடாப் போத்தலே. உண்ட உணவு உடலில் எரியும்போது கரியமில வாயு பிறக்கிறது. இரத்தம் அதனைச் சுவாசப்பைக்குச் சுமந்து செல்ல, மூச்சு அதனை வெளியேற்றுகிறது. மூச்சு மந்தமானால் வாயு தேங்கி, இரத்தம் அமிலப் பக்கம் சாயும். மூச்சு அளவுக்கு மீறினால் காரப் பக்கம் சாயும். இருகாபனேற்றின் அளவையோ சிறுநீரகங்கள் நாட்கணக்கில் மெல்லமெல்லத் திருத்தியமைக்கின்றன.

இச்சாய்வை அளக்கும் எண்ணும் அதே கோப்பன்ஹேகன் நகரிலேயே பிறந்தது. அங்குள்ள கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய சோரென்சன் என்னும் அறிஞர், 1909ஆம் ஆண்டில் பீ.எச். என்னும் அளவையை வகுத்தார். தூய நீருக்கு இவ்வெண் 7. அதனிற் குறைந்தால் அமிலம், கூடினாற் காரம். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு வேறுபாட்டைக் குறிக்கும். நலமுள்ளவரின் இரத்தத்தில் இது 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்கும். 7.4 என்பது 7.1 ஆகக் குறைந்தால், எண்ணிற் சிறு மாற்றமே. ஐதரசன் அயனோ இருமடங்காகிவிடும்.

1952ஆம் ஆண்டுக் கோடையில் அந்நகரை இளம்பிள்ளை வாதம் கொடூரமாகத் தாக்கியது. பிளேக்டம் வைத்தியசாலைக்கு நோயாளர் நாள்தோறும் வந்து குவிந்தனர். பலருக்கு விழுங்கும் தசைகளும் மூச்சுத் தசைகளும் செயலிழந்தன. அங்கிருந்தவை ஒரு பெரிய சுவாச இயந்திரமும் ஆறு சிறிய இயந்திரங்களுமே. முதல் மூன்று வாரங்களில் இவ்வாறு மூச்சுத் தடைப்பட்ட 31 பேருள் 27 பேர் மாண்டனர்.

இறக்கும் தறுவாயில் இருந்தவர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, அதிலிருந்த மொத்தக் கரியமில வாயுவின் அளவு மிகுந்திருந்தது. அதில் பெரும்பகுதி இருகாபனேற்றாக நிற்பதாலும், இருகாபனேற்றுக் காரமாதலாலும், இரத்தத்திற் காரம் மிகுந்துவிட்டதென வைத்தியர்கள் எண்ணினர்.

தலைமை வைத்தியர் லாசன், ஆகஸ்ட் மாதத்தில் பியோர்ன் இப்சன் என்னும் மயக்கமருந்து வைத்தியரின் ஆலோசனையை நாடினார். அவரோ நேர்மாறான முடிவுக்கு வந்தார். காரம் மிகவில்லை, வெளியேற வேண்டிய வாயுவே வெளியேறாது தேங்கி, இரத்தத்தை அமிலமாக்கிவிட்டது என்றார் அவர்.

ஒரே எண் இரு பொருள் தருவது எங்ஙனம்? இரத்தத்தில் இருகாபனேற்றும் கரைந்துள்ள வாயுவும் ஏறத்தாழ 20க்கு 1 என்ற விகிதத்தில் நிற்க வேண்டும். பீ.எச். எண்ணைத் தீர்மானிப்பது இவ்விகிதமே அன்றி, இரண்டன் கூட்டுத்தொகை அன்று. தட்டுகள் இரண்டையும் சேர்த்து நிறுத்தவனுக்குத் தராசு எப்பக்கம் சாய்ந்ததென்று எவ்வாறு தெரியும்? பின்னர் ஆய்வுகூடத்தில் பூல் அஸ்த்ரூப் பீ.எச். எண்ணையே அளந்தபோது, இப்சன் கூறியதே மெய்யெனத் தெளிவாயிற்று.

ஆகஸ்ட் 27ஆந் தேதி, மரணத்தின் விளிம்பில் இருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, இறப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றூட்டினார் இப்சன். தேங்கிய வாயு வெளியேறிற்று, சிறுமி பிழைத்தாள்.

ஏனையோருக்கும் இவ்வாறு காற்றூட்ட இயந்திரங்கள் ஏது? ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து வந்தனர். இரவும் பகலும், மாதக்கணக்கில், நோயாளரின் தலைமாட்டில் அமர்ந்து இறப்பர்ப் பையை அழுத்தினர். நூற்றுக்கு 87 ஆக இருந்த இறப்பு விகிதம் ஏறத்தாழ 40 ஆகக் குறைந்தது. இன்று பெரிய வைத்தியசாலைகள்தோறும் காணப்படும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வித்திட்டது அந்த அனுபவமே.

இருகாபனேற்று, அயன், சமநிலை என்னும் சொற்கள் பரீட்சைக்கு மனனஞ்செய்யும் வறட்டுச் சொற்களாகவே பலருக்குத் தோன்றும். ஆயின், அச்சொற்களின் பொருளை உணர்ந்த ஒருவர் அன்று கட்டிலருகே நின்றார். அதனால் பல வீடுகளுக்குப் பிள்ளைகள் திரும்பினர். பிள்ளைகள் இரசாயன நூலைக் கையிலெடுத்து, “இதனால் யாது பயன்?” என்று சலிக்கும்போது, பெற்றோர் இக்கதையைக் கூறலாம்.