அடுத்த ஸ்டேஷன் வரைக்கும்!

சித்திரை மாதத்து அருப்புக்கோட்டை வெயிலை அனுபவித்திருக்கிறீர்களா, சகோதரிகளே? இல்லையென்றால் நீங்கள் பாக்கியசாலி! ஊரைத் தாண்டித் திருச்சுழிச் சாலையில் இறங்கினால் இரு புறமும் கரிசல் பூமி வெடித்துக் கிடக்கும். கண்ணுக்கெட்டிய மட்டும் சீமைக் கருவேலம். குண்டாற்றில் மணல் உண்டு. தண்ணீரைத்தான் தேட வேண்டும். ரமண மகரிஷி 1879-இல் பிறந்த ஊர் என்று திருச்சுழியைத் தேடி வருகிற வெளியூர்க்காரர்கள்கூட, வெயில் ஏறுவதற்குள் தரிசனத்தை முடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள்.

அப்படிப்பட்ட ஒரு மத்தியானத்தில், அருப்புக்கோட்டையில் என் பெரியம்மா வீட்டில் உட்கார்ந்து ஒரு சினிமாப் பார்த்தேன். அடுத்த தெருவிலிருந்து தறிச் சத்தம் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பெரியம்மாவுக்கு எண்பது வயது. மதுரையில் காலேஜில் படிக்கும் அவருடைய பேத்தி, லீவுக்கு வந்தவள், வாசல் நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படம் இங்கிலீஷ் படம். ஆகவே, கதையை அவ்வப்போது தமிழில் சொல்லும் உத்தியோகம் எனக்கு வந்து சேர்ந்தது.

படத்தின் பெயர் 'டெஸர்ட் ஹார்ட்ஸ்'. 'பாலைவன இதயங்கள்' என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1985-இல் வெளிவந்தது. டைரக்ட் செய்தவர் டோனா டீச் என்ற அமெரிக்கப் பெண்மணி. ஜேன் ரூல் என்ற எழுத்தாளர் 1964-இல் வெளியிட்ட ஒரு நாவல்தான் மூலக்கதை.

தொடக்கத்திலேயே வறண்ட பூமியில் ஒரு ரயில் வந்து நிற்கிறது. கச்சிதமாக உடுத்திய ஒரு மாது கையில் பெட்டியோடு இறங்குகிறாள். சுற்றிலும் செடியுமில்லை, நிழலுமில்லை.

"ஏ தாயி, இது நம்ம நரிக்குடிப் பக்கமா?" என்று கேட்டார் பெரியம்மா.

"இல்லை பெரியம்மா, அமெரிக்காவிலே நெவாடா என்று ஒரு மாகாணம். ஊர் பெயர் ரீனோ."

"அங்கிட்டும் இப்படித்தானா? பாவம்!"

கதை 1959-இல் நடக்கிறது. இறங்கிய மாது விவியன். நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலையில் ஆங்கிலப் பேராசிரியை. புருஷனை விவாகரத்துச் செய்ய வந்திருக்கிறாள். அதற்கு ஏன் இவ்வளவு தூரம் ரயில் ஏற வேண்டும்? அந்தக் காலத்தில் நியூயார்க் மாகாணத்தில் துணைவர் சோரம் போனதை நிரூபித்தால்தான் விவாகரத்து. 1966-இல்தான் அந்தச் சட்டம் தளர்ந்தது. நெவாடாவிலோ 1931 முதலே, ஆறு வாரம் குடியிருந்தால் போதும், வழக்குப் போடலாம். ஆகவே, தேசத்தின் நாலா பக்கத்திலிருந்தும் பெண்கள் ரீனோவுக்கு வந்து, ஆறு வாரம் பண்ணை வீடுகளில் தங்கி, தீர்ப்பை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். விவியனும் பிரான்ஸஸ் என்ற அம்மாளின் பண்ணை வீட்டில் வந்து தங்குகிறாள்.

அந்த வீட்டில் கே என்றொரு பெண் இருக்கிறாள். பிரான்ஸஸ் பெற்ற மகள் அல்ல. கேயின் தகப்பனாரும் பிரான்ஸஸும் ஒருவரையொருவர் உயிராக நேசித்தவர்கள். அவர் காலமான பிறகு அந்தப் பெண்ணைத் தன் பெண்ணாகவே வைத்துக்கொண்டிருக்கிறாள் அந்த அம்மாள். கே சூதாட்ட விடுதியில் வேலை பார்ப்பாள். ஓய்ந்த நேரத்தில் மண்ணில் உருவங்கள் செய்வாள். விவியனை அவள் முதன்முதலில் பார்க்கிற கட்டத்தைப் பார்க்க வேண்டுமே! சாலையில் தன் காரைப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டே, வந்தவளை வரவேற்கிறாள்.

"இந்தக் குட்டிக்கு ரொம்பத் துணிச்சல்" என்றார் பெரியம்மா.

விவியன் புத்தகமும் மூக்குக் கண்ணாடியுமாக அறைக்குள்ளேயே இருப்பவள். கே கலகலப்பானவள், தனக்குப் பெண்கள்மேல்தான் நாட்டம் என்பதை ஒளிக்காதவள். வாரங்கள் ஓடுகின்றன. ஓர் இரவு ஏரிக்கரையில் மழை கொட்டுகிறது. கார்க் கண்ணாடிக்கு உள்ளே விவியன், வெளியே நனைந்தபடி கே. அங்கேதான் இருவருக்கும் உண்மை புரிகிறது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இது பெரியவர்கள் பார்க்க வேண்டிய படம். பிற்பாதியில் ஒரு நெருக்கமான காட்சி உண்டு. அது வரப்போவதை அறிந்து, "பெரியம்மா, காபி போடட்டுமா?" என்று எழுந்தேன். "நீ உக்காரு. எம்பத்து வயசுக்கு மேலே எனக்கென்ன காபி!" என்று அதட்டிவிட்டார். வாசலில் இருந்த பேத்தி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆனால் பெரியம்மா கண் கலங்கிய இடம் வேறு. இருவரும் விடியற்காலையில் வீடு திரும்பும்போது பிரான்ஸஸ் விழித்துக்கொண்டிருக்கிறாள். விவியனுடைய பெட்டி படுக்கையை வெளியேற்றிவிடுகிறாள். கோபம் ஒரு பக்கம். வளர்த்த பெண் கைவிட்டுப் போகிறாளே என்ற பயம் மறுபக்கம். பிறகு தாயும் மகளுமாக மனம் விட்டுப் பேசுகிற காட்சி வருகிறது. கேயின் தகப்பனார்மேல் தனக்கிருந்த பிரியத்தைப் பிரான்ஸஸ் எப்படி வர்ணித்திருந்தாளோ, அதே வர்ணனையை விவியனைப் பற்றிச் சொல்கிறாள் கே. 'உனக்கு அவர்மேல் வந்தது எதுவோ, அதுவேதான் எனக்கும் வந்திருக்கிறது' என்பது பொருள். பிரான்ஸஸால் பதில் சொல்ல முடியவில்லை. அவள் முழுக்க மனம் மாறிவிட்டாள் என்று காட்டிப் படம் நம்மைச் சமாதானப்படுத்தவுமில்லை.

"பெத்தவளைவிட வளத்தவளுக்கு வலி கூட" என்றார் பெரியம்மா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஆறு வாரம் முடிகிறது. தீர்ப்பும் கிடைத்துவிடுகிறது. விவியன் ரயில் ஏறுகிறாள். கே பிளாட்பாரத்தில் நிற்கிறாள். வண்டி நகரும் சமயம் விவியன் கேட்பது பெரிய வரம் ஒன்றுமில்லை. அடுத்த ஸ்டேஷன் வரைக்குமாவது கூட வா என்கிறாள். கே தாவி ஏறிக்கொள்கிறாள். அவ்வளவுதான், படம் முடிந்தது.

இதில் என்ன விசேஷம் என்று கேட்பீர்கள். இரண்டு பெண்கள் காதலித்தால் ஒருத்தி சாக வேண்டும், அல்லது பைத்தியமாக வேண்டும், அல்லது 'திருந்தி' ஒரு ஆணிடம் திரும்ப வேண்டும் என்பது சினிமாவில் வெகுகாலம் எழுதாத விதியாக இருந்தது. அதை மீறி இருவரையும் உயிரோடு ஒரே ரயிலில் ஏற்றி அனுப்பிய படம் இது. அந்த முடிவுக்குப் பணம் போட யார் முன்வருவார்கள்? டோனா டீச் சிறு சிறு பங்குகளாக விற்று, வருஷக் கணக்கில் பணம் திரட்டினார். படத்தை முடிக்கத் தன் வீட்டையும் விற்றார்.

நம் பக்கத்துக் கதை என்ன? அடுத்த வருஷமே, 1986-இல், மலையாளத்தில் பத்மராஜன் 'தேசாடனக்கிளி கரயாறில்லா' எடுத்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிப்போகும் இரண்டு சிறுமிகள். அவர்களுக்குள் இருப்பது காதல் என்று படம் வெளிப்படையாகச் சொல்லாது. ஆனால் முடிவில் இரண்டு உயிரும் போய்விடும். தீபா மேத்தாவின் 'ஃபயர்' 1996-இல் தயாராகி, 1998-இல் இந்தியாவில் திரையிடப்பட்டபோது பம்பாயிலும் டில்லியிலும் தியேட்டர்களைத் தாக்கினார்கள். தமிழில் 2022-இல் பா. ரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' படத்து நாடகக் குழுவில் இரு பெண் காதலர்கள் மற்றவர்களைப் போலவே உட்கார்ந்து பேசினார்கள். எந்தத் தியேட்டரும் இடிந்து விழவில்லை!

'சினிமாதானே' என்று ஒதுக்கிவிட வேண்டாம். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை சுமார் 50 கிலோமீட்டர். அந்த மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம் பெண்கள், ஒருவரையொருவர் நேசித்த காரணத்துக்காக வீட்டை விட்டுச் சென்னைக்கு ஓட நேர்ந்தது. பெற்றோர் போலீஸில் புகார் கொடுத்தார்கள். பெண்கள் ஹைகோர்ட்டில் பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு காரியம் செய்தார். இந்த விஷயத்தில் தமக்கே போதிய தெளிவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, மனநல நிபுணரிடம் தாமே போய் உட்கார்ந்து கேட்டறிந்தார். பெற்றோரையும் பிள்ளைகளையும் நிபுணரோடு பேச வைத்தார். பிறகு 2021 ஜூன் 7-ஆம் தேதி உத்தரவிட்டார். இப்படிப்பட்டவர்களைப் போலீஸ் தொந்தரவு செய்யலாகாது. 'குணப்படுத்துகிறேன்' என்று வைத்தியம் செய்வதும் கூடாது. அந்த வழக்கின் பயனாக, 2022-இல் தமிழக அரசு இவர்களை மரியாதையாகக் குறிப்பிடும் சொற்களின் பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது. 'தன்பாலீர்ப்பு' என்ற சொல் அப்படித்தான் நம் காதுக்கு வந்தது.

சட்டத்தைப் பற்றியும் இரண்டு வரி. 1860-இல் வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்த 377-ஆம் பிரிவை, வயது வந்தவர்கள் மனமொத்து நேசிப்பதற்குப் பொருந்தாது என்று சுப்ரீம் கோர்ட் 2018 செப்டம்பர் 6-இல் தள்ளிவிட்டது. கல்யாண உரிமையை மட்டும் 2023 அக்டோபர் 17-இல் தர மறுத்துவிட்டது. ஆனால் 2025 மே மாதம், வீட்டில் அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணை விடுவித்த சென்னை ஹைகோர்ட், கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்பதில்லை என்று சொன்னது.

நீதிபதி ஒரு நிபுணர்முன் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். பெற்ற தாயாருக்கு அந்த வசதி ஏது? பெண் திடீரென்று ஒருநாள் வந்து சொன்னால், முதல் வார்த்தை என்ன வரும் நம் வாயிலிருந்து? பிரான்ஸஸைப் போல் பெட்டியைத் தூக்கி வெளியே வைப்போமா? சினிமா நமக்குத் தருகிற சௌகரியம் இதுதான். அந்தக் கோபத்தையும் அழுகையையும் அடுத்த வீட்டு அம்மாள் மூலமாக ஒரு தடவை பார்த்து முடித்துவிடலாம்.

சாயங்காலம் வெயில் தணிந்தது. மல்லிகைப் பூவைத் தொடுத்துக்கொண்டிருந்த பெரியம்மா தானாகவே பேச ஆரம்பித்தார்.

"நான் கல்யாணமாகி வந்த புதுசு. தையல் சொல்லிக் குடுக்க ஒரு டீச்சரம்மா வந்தாக. நம்ம முன்னறையிலதான் ஒண்ணரை மாசம் தங்கினாக. விடியக்காலம் தண்ணிக்குப் போறதும் சேந்துதான், பூக்கட்டுறதும் சேந்துதான். ஊருக்குக் கிளம்புற அன்னிக்கு ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டி வந்திருச்சு. 'திருச்சுழி வரைக்குமாச்சும் வாயேன்'னு கையைப் பிடிச்சாக. 'உலை வச்சிட்டு வந்திருக்கேன்'னு சொல்லிக் கையை உருவிக்கிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, வண்டி போயிருச்சு. அது சேக்காளித்தனமா, வேற என்னவுமான்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. உங்க பெரியப்பாவோட நல்லாத்தான் வாழ்ந்தேன், குறையில்லே. ஆனா அன்னிக்கு அந்த உலை ஒரு நாழி பொறுத்திருந்தா என்ன கெட்டுப் போயிருக்கும்னு நினைச்சுக்கிருவேன்."

வாசல் நிலையில் இருந்த பேத்தி எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல் பாட்டியின் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். பெரியம்மா பூவை ஓரமாக வைத்துவிட்டு, அவள் தலையைத் தடவினார். ஏன் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வெகு நேரம் கழித்துப் பெரியம்மா சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி இதை முடிக்கிறேன்:

"உனக்கு எந்த வண்டியில ஏறணும்னு தோணுதோ, எங்கிட்டச் சொல்லிட்டு ஏறு தாயி. உலையை நான் இறக்கி வச்சுக்கிறேன்."