மேக் ஓட்டும் ஷெல் எது?

டெர்மினலில் நேரடியாகத் தட்டினால் ஒழுங்காக ஓடுகிற கட்டளை, மேக் வழியாக ஓட்டினால் மட்டும் படுத்துவிடும். புரோகிராமர்களுக்கு நன்கு பழகிய தலைவலி இது. நிரலைக் குடைவதற்கு முன், அந்தக் கட்டளையை உண்மையில் ஓட்டியது யார் என்று பார்ப்பதுதான் சரியான தொடக்கம்.

1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய கருவி மேக். எந்தக் கோப்பு மாறியிருக்கிறதோ அதைச் சார்ந்தவற்றை மட்டும் மறுபடி உருவாக்கும். கட்டளைகளை ஓட்டும் பொறுப்பைப் பெரும்பாலும் ஷெல்லிடம் விட்டுவிடும். கோளாறுகள் பல முளைப்பது இந்தக் கைமாற்றத்தில்தான்.

மேக்ஃபைலில் ஒரு விதியின் கீழ் மூன்று வரி எழுதினால், வரிக்கு ஒரு ஷெல் தனித்தனியாகத் தொடங்கி முடியும். முதல் வரியில் ‘சிடி’ கொடுத்து வேறு கோப்புறைக்குப் போயிருந்தாலும், அடுத்த வரி பழைய இடத்திலேயே ஓடும். சேர்ந்து ஓட வேண்டியவற்றை இரட்டை ‘&’ குறியால் ஒரே வரியாக இணைப்பதே நல்ல வழி.

டாலர் குறியும் ஆளைச் சுற்றவிடும். ஷெல்லுக்கு முன்பே மேக் அதைப் படித்துவிடுகிறது. நான்கு எழுத்து ‘ஹோம்’ மாறியை ஒற்றை டாலர் போட்டு எழுதினால், முதல் எழுத்தைத் தன் மாறி என்று மேக் எடுத்துக்கொள்ளும். மிச்சமுள்ள மூன்று எழுத்துதான் ஷெல்லுக்குப் போய்ச் சேரும். டாலரை இரண்டு முறை போட வேண்டும்.

எல்லாவற்றையும்விட மோசமானது ஷெல் மாறிப்போவது. நாம் தட்டுவது பாஷில். மேக் அழைப்பதோ ‘எஸ்ஹெச்’ என்ற பொது ஷெல்லை. உபுண்டுவில் 2006-இல் வந்த 6.10 பதிப்பிலிருந்து அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது டாஷ். பாஷுக்குத் தெரிந்த இரட்டைச் சதுர அடைப்புக்குறி அதற்குத் தெரியாது. ‘இஃப்’ நிபந்தனையில் அதை எழுதியிருந்தால், அப்படியொரு கட்டளை இல்லை என்று ஒரு வரி முணுமுணுத்துவிட்டு, நிபந்தனை பொய் என்று வைத்துக்கொண்டு டாஷ் மேலே போய்விடும். பில்டும் நிற்காது, தவறான கிளை ஓடி, தவறான கோப்பு உருவாகியிருக்கும். பயனரின் சூழலில் உள்ள ‘ஷெல்’ மாறியை மேக் பொருட்படுத்தாது. பாஷ் வேண்டுமென்றால் மேக்ஃபைலுக்குள்ளேயே சொல்லியாக வேண்டும்.

குழாய்க் குறியால் கட்டளைகளைக் கோத்தால், வழக்கமாகக் கடைசிக் கட்டளையின் முடிவுதான் கணக்கில் வரும். கம்பைலர் தோற்று, அதன் வெளியீட்டைப் பதிவு செய்யும் ‘டீ’ வென்றால், மேக்குக்கு எல்லாம் வெற்றியே. பாஷில் ‘பைப்ஃபெயில்’ விருப்பத்தைப் போட்டால் இது தீரும்.

பிழைச் செய்தியின் கடைசியில் வரும் எண்ணைத் தவறாமல் படியுங்கள். 127 என்றால் பெரும்பாலும் கட்டளை கிடைக்கவில்லை; ‘பாத்’ மாறியைப் பாருங்கள். 126 என்றால் கோப்பு இருக்கிறது, இயக்க முடியவில்லை, அனுமதியைப் பாருங்கள். அதற்கும் முன்னால், மேக்கை ‘-n’ விருப்பத்தோடு ஒருமுறை அழையுங்கள். ஷெல்லுக்குப் போகவிருக்கும் வரிகளை ஓட்டாமல் அப்படியே அச்சிட்டுக் காட்டும்.